வளைந்த முதுகு: பிரேஸா, ஆபரேஷனா?

வளரும் பிள்ளைக்கு ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான். எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் காப் கோணம் 25 முதல் 40 டிகிரிக்குள் இருந்து, எலும்பு வளர்ச்சியும் மிச்சம் இருந்தால் என் ஓட்டு பிரேஸுக்கு, அதாவது உடம்பைச் சுற்றிப் போடும் பிளாஸ்டிக் கூட்டுக்கு. ஆனால் அது வளைவு கூடாமல் தடுக்கத்தான், அதுவும் தினமும் 18 மணி நேரமாவது போட்டால். சென்னையின் மே மாத வெயிலில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வியர்த்து, இடுப்பில் தோல் சிவந்து, பிள்ளை கழற்றிப் போடத்தான் பார்க்கும். திட்டாதீர்கள், உள்ளே பருத்தி பனியன் போட்டு, நனைந்ததும் மாற்றிவிடுங்கள்.

50 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி நின்ற பிறகும் வளைவு மெல்லக் கூடலாம், அப்போது ஆபரேஷன்தான் சரி. கம்பியும் திருகும் வைத்து எலும்புகளை இணைப்பதால் முதுகு பெருமளவு நிமிரும், ஆனால் அந்தப் பகுதி இனி வளைந்து கொடுக்காது. பரதம் ஆடும் பெண் என்றால் எந்த எலும்பு வரை இணைப்பார்கள் என்று முன்பே கேளுங்கள், கீழ்முதுகு வரை போனால் குனிவது குறையும்.