எத்தனை முக்கோணங்கள்? உருவம் எண்ணும் புதிர்களோடு சில ஆண்டுகள்

ஒரு படத்துக்குள் எத்தனை முக்கோணங்கள், எத்தனை சதுரங்கள் ஒளிந்திருக்கின்றன என்று எண்ணும் புதிர்களை, மகள் தொடக்கநிலை 2 படிக்கும்போது வீட்டில் ஆரம்பித்தோம். இப்போது அவள் தொடக்கநிலை 5. இங்கே சிங்கப்பூரில் புத்தகக் கடைகள் உள்ள பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் வாங்கிய பயிற்சி நூல்கள், நூலகப் புத்தகங்கள், கைப்பேசிச் செயலிகள், உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. என்னிடம் கேட்கும் பெற்றோருக்குச் சொல்வது இதுதான்: காகிதத்தில் செய்யவிடுங்கள், விடையை வெறும் எண்ணாகத் தரும் நூலை வாங்காதீர்கள்.

மூன்று பக்கங்களையும் நான்கு நான்கு சம பகுதிகளாகப் பிரித்து, பக்கங்களுக்கு இணையாக உள்ளே கோடுகள் போட்ட பெரிய முக்கோணத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் மொத்தம் எத்தனை முக்கோணங்கள்? விடை 27. அந்த எண் மட்டும் தெரிந்து பிள்ளைக்கு என்ன பயன்? அளவுவாரியாகப் பிரித்தால்தான் விஷயம் புரியும். நிமிர்ந்து நிற்பவற்றில் மிகச் சிறியவை 10, அடுத்த அளவு 6, அதற்கடுத்தது 3, முழு முக்கோணம் 1, ஆக 20. தலைகீழாக இருப்பவற்றில் சிறியவை 6, அதன் இரு மடங்கு பக்கமுள்ளது 1. நடுவில் இருக்கும் அந்த ஒன்றுதான் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். எங்களிடம் இருந்த ஒரு நூலின் விடைப்பக்கத்திலேயே 26 என்று அச்சாகியிருந்தது! பட்டியல் போட்டு எண்ணிப் பழகியிருந்ததால், நூல்தான் தவறு என்று மகளே எனக்குக் காட்டினாள். அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

சதுரங்கள் சுலபம். 3×3 கட்டத்தில் 9+4+1, அதாவது 14. அதே முறையில் சதுரங்கப் பலகைக்கு 204 வரும். செவ்வகம் என்று வந்தால்தான் அளவுவாரி எண்ணிக்கை நீண்டுகொண்டே போகும். அப்போது கோடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு செவ்வகத்துக்கு இரண்டு நெடுக்குக் கோடுகளும் இரண்டு குறுக்குக் கோடுகளும் போதும். 3×3 கட்டத்தில் நெடுக்குக் கோடுகள் 4. அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழிகள். குறுக்குக் கோடுகளிலும் 6 வழிகள். எனவே 6×6, அதாவது 36 செவ்வகங்கள். சதுரமும் செவ்வகமே என்பதால் அந்த 14-உம் இதில் அடக்கம். நல்ல நூல் இதைக் கேள்வியிலேயே தெளிவாகச் சொல்லிவிடும். விரலைக் கோட்டில் வைத்துக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் இது விளங்குகிறது.

நாங்கள் பயன்படுத்திய செயலிகளில் எனக்குத் திருப்தியில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்வதால் பிள்ளை ஊகிக்கத்தான் பழகுகிறாள்; படத்தின் மேல் எழுதவும் முடியாது. வாட்ஸ்அப் படங்களில் பாதிக்கு மேல் கோடுகள் சேர்கிறதா இல்லையா என்பதே தெரியாது. அவற்றை விட்டுவிடலாம்.

இதனால் தேர்வு மதிப்பெண் கூடுமா என்று கேட்கிறார்கள். அதற்காக இதைச் செய்யாதீர்கள். ஆனால் முறையாகப் பட்டியலிடுவதும் ஒழுங்கைத் தேடுவதும் இங்கே தொடக்கப்பள்ளிக் கணிதத்தில் கற்றுத்தரும் உத்திகள்தான். அந்தப் பழக்கம் மகளுக்கு மற்றக் கணக்குகளிலும் வந்திருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 2×2 கட்டம் போதும். அதில் 5 சதுரங்கள். நாளுக்கு ஒரு படம், சிறு துண்டுகளுக்கு எழுத்துப் பெயர், அளவுக்கொரு வண்ணப் பேனா. ஐந்தாவது சதுரத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், அப்புறம் 3×3-க்குப் போங்கள்.