தலைவரை யார் தேர்ந்தெடுப்பது: நாமா, கவுன்சிலர்களா?

2019 டிசம்பரில், எங்கள் ஊர் வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்த அம்மா சொன்னது: "மத்ததெல்லாம் எப்படியோ, ரோஸ் சீட்டை மட்டும் ரெண்டு தடவை பார்த்துட்டுதான் குத்தினேன்." வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஒன்றிய கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள். அந்த ரோஸ், ஊராட்சித் தலைவருக்கு.

2022 பிப்ரவரியில் நான் குடியிருக்கும் மாநகராட்சியில் ஓட்டுப் போட்டேன். ஒரே பட்டன், கவுன்சிலருக்கு மட்டும். மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்ததை டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதலாவது நேரடித் தேர்தல், இரண்டாவது மறைமுகத் தேர்தல். ஒன்றிய, மாவட்ட ஊராட்சித் தலைவர்களை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்லிவிட்டது. மேயர், நகராட்சித் தலைவர் விஷயத்தை மாநிலங்களிடம் விட்டது. தமிழ்நாட்டில் அது பட்ட பாட்டைப் பாருங்கள். 1996இல் நேரடி, 2006இல் மறைமுகம், 2011இல் மறுபடி நேரடி. அப்புறம் 2016இல் மறைமுகம், 2018இல் நேரடி, 2019இல் மறைமுகம் என்று சட்டம் மாறிக்கொண்டே இருந்தது. இரண்டு பெரிய கட்சிகளுமே இரண்டு பக்கமும் நின்றிருக்கின்றன. எனக்கு இதுதான் ஆறவில்லை. என் ஓட்டுரிமை ஆளுங்கட்சியின் அந்த நேரத்துக் கணக்கைப் பொறுத்து வந்து போகக் கூடாது.

மறைமுக முறைக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மேயர் ஒரு கட்சி, மன்றத்தில் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றால் தீர்மானங்கள் முடங்கும், சாக்கடை வேலை கிடப்பில் கிடக்கும். மேயரைப் பிடிக்காவிட்டால் கவுன்சிலர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம் என்ற வசதியும் உண்டு. ஆனால் நடப்பது என்ன? 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் இருவரும் பதவி விலகினார்கள். அதே மாதம் காஞ்சிபுரம் மேயர் மீதான தீர்மானம், வாக்கெடுப்புக்குக் கவுன்சிலர்கள் வராததால் தோற்றது. மூன்று ஊரிலும் மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேயர் தெருவைப் பார்ப்பதைவிட, கட்சி அலுவலகத்தையும் சக கவுன்சிலர்களின் முகத்தையும் பார்த்தே காலம் தள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. ஊராட்சித் தலைவர்தான் ஊராட்சியின் நிர்வாக அதிகாரி. மாநகராட்சியில் அந்த அதிகாரம் அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. இரண்டாயிரம் பேர் உள்ள கிராமத்தில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர் நிர்வாகம் செய்கிறார். பல லட்சம் பேர் வாழும் நகரத்திலோ மேயரும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர் இல்லை, ஆணையரும் இல்லை.

அதற்காக நேரடித் தேர்தல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றும் நம்பவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் சாதி வெறியர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவர், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். தனித்தொகுதி ஊராட்சியில் அந்த இடத்தில் ஆதிக்கச் சாதிக்காரர் உட்கார்ந்துவிட்டால், மக்கள் கொடுத்த அதிகாரம் ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கிடக்கும். மக்கள் ஓட்டு வாங்கி வந்த தலைவரை நீக்கும் அதிகாரமும் மக்களிடம் இல்லை, மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது.

இருந்தாலும் என் ஓட்டு நேரடித் தேர்தலுக்குத்தான். தெற்குத்திட்டைத் தலைவரை அந்த நாற்காலிக்கு அனுப்பியது ஊர் மக்கள். அதனால்தான் தரையில் உட்கார வைத்தது அவருக்கு மட்டும் நேர்ந்த அவமானமாக இல்லாமல், ஓட்டுப் போட்ட அத்தனை பேருக்கும் நேர்ந்த அவமானமாக இருந்தது.

மேயரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும், வரவு செலவைக் கவுன்சிலர்கள் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கட்டும். நீக்குவதற்கு மத்தியப் பிரதேசம் நகராட்சிகளுக்குக் கொண்டுவந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. கவுன்சிலர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் கேட்டால், தலைவர் வேண்டுமா வேண்டாமா என்று ஊர் முழுக்க வாக்கெடுப்பு நடக்கும். சீட்டில் இரண்டே சின்னங்கள்: ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி, காலி நாற்காலி.