1968-ஆ, 2005-ஆ? பிரிட்டனின் இரண்டு சூதாட்டச் சட்டங்கள்

சூதாட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அனுமதிப்பது என்றே வைத்துக்கொள்வோம், எப்படி அனுமதிப்பது? பிரிட்டன் இதற்கு நேரெதிரான இரண்டு வழிகளைப் பார்த்துவிட்டது. இரண்டையும் படித்துவிட்டு நான் பழைய சட்டத்தின் பக்கம் போய்விட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1960-ல் வந்த சட்டம் பந்தயக் கடைகளுக்கு வழிவிட்டது. ஆனால் அதிலிருந்த ஓட்டை வழியாகக் காசினோக்கள் புற்றீசல் மாதிரி கிளம்பின. லண்டனில் கிரே சகோதரர்கள் போன்ற தாதாக்கள் கையிலேயே ஒரு காசினோ போய்ச் சேர்ந்தது. அந்தக் குப்பையைக் கூட்டத்தான் 1968 சட்டம்.

அதன் அடிப்படை ஒன்றுதான்: ஆட வருகிறவனைத் தடுக்காதே, வராதவனைக் கூப்பிடாதே. காசினோவில் ஆட வேண்டுமா, உறுப்பினராக விண்ணப்பித்துவிட்டு 48 மணி நேரம் காத்திரு. விளம்பரம் கூடாது, மேடையில் பாட்டுக் கச்சேரி கூடாது, கடனுக்கு ஆட்டம் கூடாது. இந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருப்பதே போதும் என்று பட்டால் நீதிமன்றம் உரிமத்தையே மறுக்கலாம். பந்தயக் கடைகளும் இதே கெடுபிடியில்தான் இருந்தன. 1986 வரை உள்ளே டிவி கூடக் கிடையாது.

2005 சட்டம் இதைத் தலைகீழாக்கியது. குற்றவாளிகளை விலக்கு, ஆட்டம் நேர்மையாக நடக்கட்டும், சிறுவர்களையும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களையும் காப்பாற்று என்பவை குறிக்கோள்கள். இவற்றுக்கு உட்பட்டு, சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சூதாட்டக் கமிஷன் அனுமதிக்கவே முனைய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. காத்திருப்பு போயிற்று, தேவையைப் பார்க்கும் வழக்கமும் போயிற்று. 2007-லிருந்து டிவியில் விளம்பரம்.

எனக்கு எல்லாம் அந்த விளம்பரத்தில்தான் வந்து நிற்கிறது. வரி, வேலைவாய்ப்பு எல்லாம் இரண்டு முறையிலும் ஏதோ ஒரு அளவில் உண்டு. ஆனால் கால்பந்து வீரரின் சட்டையில் பந்தய நிறுவனத்தின் பெயரைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, ஆட வேண்டும் என்ற எண்ணமே வெளியிலிருந்து வருகிறது. அது ஒரு முறை உள்ளே போன பிறகு எந்தக் கண்காணிப்பு வாரியம் வந்து எடுக்கப் போகிறது? அப்புறம், ஆள் சேர்ந்துவிட்டால் அந்தச் சந்தையைச் சுருக்கவும் அரசுக்குக் கை வராது. பந்தயக் கடைகளில் இருக்கும் சூதாட்ட இயந்திரங்களைப் பாருங்கள்: கடைக்கு நான்கு, 20 நொடிக்கு ஒரு முறை 100 பவுண்டு வரை வைக்க முடிந்தது. அதை 2 பவுண்டாகக் குறைப்பதைத் தள்ளிப்போட்டதால் ஒரு அமைச்சரே 2018-ல் பதவி விலகினார். குறைப்பு நடந்தது 2019 ஏப்ரலில். 2020-ல் கிரெடிட் கார்டுக்குத் தடை, 2025-ல் இணைய ஸ்லாட்டுக்கு, அதாவது சூதாட்ட இயந்திரத்தின் இணைய வடிவத்துக்கு, ஒரு ஆட்டத்துக்கு 5 பவுண்டு உச்சவரம்பு. தூக்கிப் போட்ட பழைய பிடிகளில் சிலவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத் திரும்ப மாட்டுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, பழைய சட்டத்திலும் குறை உண்டு. பெரியவர்களைச் சின்னப் பிள்ளைகளாக நடத்துகிறது என்ற புகார் பொய்யில்லை. இணையம் அதற்குத் தெரியவே தெரியாது, அந்த இடத்தில் 2005 சட்டத்துக்குத்தான் மதிப்பெண். அதுவும் வெளிநாட்டிலிருந்து பிரிட்டன்காரர்களுக்கு ஆட்டம் நடத்துகிறவர்களை உரிமத்துக்குள் இழுக்க 2014-ல் தனித் திருத்தம் தேவைப்பட்டது. 48 மணி நேரக் காத்திருப்பு கைப்பேசியில் எடுபடுமா என்று கேட்டால் சந்தேகம்தான், அடுத்த நொடியே உரிமமில்லாத தளத்துக்குப் போய்விடலாம். விளம்பரத் தடைக்கு அந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அதை மட்டுமாவது அப்படியே விட்டிருக்கலாம்.