ஏலகிரி காட்டேஜும் ‘உத்தரவாத வாடகை’யும்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

ஏலகிரியில் காட்டேஜ் வாங்கினால் மாதம் பிறந்ததும் வாடகை கணக்கில் வந்து விழும், புக்கிங், பராமரிப்பு எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது வீடு தேடி வந்து பேசினால், தயவுசெய்து அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பணிக்கொடையாக வந்த பணமும் சத்துவாச்சாரி வீட்டுப் பத்திரமும் இப்படித்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. வேலூர், ஆம்பூர் பக்கம் ஓய்வுபெற்றவர்களையும் முன்னாள் ராணுவத்தினரையும் இவர்கள் இன்னும் அணுகுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விலை 48 லட்சம். மூன்று வருடத்துக்கு மாதம் 40,000 ரூபாய் வாடகை உத்தரவாதம் என்றார்கள். “டீச்சர், கடன் தவணை போக கையில ஐயாயிரம் நிக்கும். நீங்க மலை ஏறக்கூட வேணாம்” என்றார் வந்தவர். முதலில் நான் கணக்கு வைத்திருக்கும் அரசு வங்கியில்தான் வீட்டுக்கடன் கேட்டோம். தாள்களை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தது அவர்தான். பிறகு வந்து, “அங்க லேட் ஆகும் டீச்சர்” என்று மட்டும் சொன்னார். அனுமதி வாங்கியது குடியிருப்புக்கு, நடத்தப்போவது விடுதி, தாய்ப்பத்திரத்திலும் (நிலத்தின் பழைய மூலப் பத்திரம்) குறை இருக்கிறது என்று வங்கி வக்கீல் எழுதிக் கொடுத்திருந்ததை நான் பார்த்தது ரொம்ப நாள் கழித்து. அதை என் கண்ணில் காட்டாமலே ஒரு தனியார் நிதி நிறுவனத்துக்கு அழைத்துப்போய், சத்துவாச்சாரி வீட்டை அடமானமாக வைத்து 30 லட்சம் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். 11.5 சதவீத வட்டி, 15 வருடம், மாதத் தவணை சுமார் 35,000. இதில் ஒன்றைக் கவனியுங்கள். காட்டேஜ் நாளைக்கே கோர்ட்டில் முடங்கினாலும் நிதி நிறுவனத்துக்குக் கவலை இல்லை. அவர்கள் கையில் இருப்பது நாம் குடியிருக்கும் வீடு.

வாடகை முதல் சில மாதம் தேதி தவறாமல் வந்தது. அப்புறம் பராமரிப்புச் செலவு என்று கழித்தார்கள். அதற்கப்புறம் புது ஒப்பந்தம் என்று ஒன்றை நீட்டினார்கள். இனிமேல் வாடகை கிடையாதாம், வருமானத்தில் பங்காம். மாதக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு கணக்குத் தாள் வரும். அதில் முக்கால்வாசி நாள் ‘காலி’ என்று இருக்கும். கேட்டால், சீசன் இல்லை, மழை, கூட்டம் எல்லாம் ஏற்காட்டுக்குப் போகிறது என்று பதில் வரும்.

ஈபி பில்தான் கண்ணைத் திறந்தது. இணைப்பு என் பெயரில் இருந்ததால் நுகர்வோர் எண்ணைப் போட்டு என் போனிலேயே பார்க்க முடிந்தது. காலி என்று கணக்குக் காட்டிய இரண்டு மாதத்தில் 600 யூனிட்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் கீசர் போட்டது யார்? புக்கிங் தளங்களில் தேடினேன். என் காட்டேஜ் வேறு பெயரில் இருந்தது. வந்து தங்கியவர்கள் போட்ட படங்களில் நான் தேர்ந்தெடுத்த நீலக் கட்டம் போட்ட திரைச்சீலை, அதற்கு முன்னால் குழந்தைகள், கீழே தேதி. தேதி மொத்தமும் ‘காலி’ நாட்கள்.

நேரில் போனோம். பொன்னேரியில் தொடங்கும் மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ இருக்கும். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும்போது அந்தப் பெயர்களை ஆசையாகப் படிக்கவைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றிலும் மனம் நிற்கவில்லை. அத்தனாவூர் தாண்டிப் போய்ச் சேர்ந்தால், வரவேற்பு மேசையில் ஒரு க்யூஆர் அட்டை. ஸ்கேன் செய்து பார்த்தோம், நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு தனிமனிதர் பெயர் வந்தது. அங்கே வேலை பார்க்கும் உள்ளூர்ப் பையன் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, “சனி ஞாயிறு ரூம் காலியா இருந்ததே இல்லம்மா. பெங்களூரு வண்டிதான் அதிகம். ஒரு நாளைக்கு 5,500” என்றான். அவனுக்குச் சம்பள பாக்கி வேறு. அந்தப் பிள்ளை மேல் யாரும் கோபப்படாதீர்கள்.

உத்தரவாத வாடகை எங்கிருந்து வந்தது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. கொஞ்சம் தள்ளி, அதே அளவில் உள்ளூர்க்காரர் கட்டிய காட்டேஜ் 35 லட்சத்துக்குக் கைமாறியிருக்கிறது. என்னிடம் கூடுதலாக வாங்கிய 13 லட்சத்தில் ஒரு பகுதியைத்தான் மாதாமாதம் வாடகை என்று எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

தாள்களை வக்கீலிடம் காட்டியபோது இன்னும் வெளியே வந்தது. எனக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தவர் நில உரிமையாளரின் பவர் ஏஜென்ட், அதாவது அவர் சார்பில் விற்க அதிகாரம் வாங்கியவர். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது வேறு ஒரு நிறுவனம், அதுவும் பதிவு செய்யாத 11 மாத ஒப்பந்தம். மூன்று வருடம் என்பது கலர் நோட்டீஸில் மட்டும்தான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016 இருக்கிறதே என்று கேட்டேன். நிலம் 500 சதுர மீட்டருக்குள் அல்லது வீடுகள் எட்டுக்குள் இருந்தால், திட்டத்தை அந்தச் சட்டப்படி பதிவு செய்வதிலிருந்து விலக்கு உண்டு. இவர்கள் ஒரே வேலிக்குள் இருக்கும் பன்னிரண்டு காட்டேஜை ஆறு ஆறாகப் பிரித்து இரண்டு பேர் பெயரில் காட்டியிருக்கிறார்கள். ஒரு திட்டத்தின் எல்லாக் கட்டங்களையும் சேர்த்துத்தான் கணக்கு என்று சட்டமே சொல்கிறது. அதை வைத்துத்தான் இப்போது தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்தவருக்கு வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. அதனால் அந்தக் கலர் நோட்டீஸைப் பத்திரமாக வையுங்கள், எங்களுக்கு இப்போது அதுதான் முக்கிய ஆதாரம். 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க வேண்டுமென்றால் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. என்னிடம் 15 லட்சம் வாங்கும்வரை ஒரு தாளும் பதிவாகவில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று பலர் கேட்கிறார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு முதல் நாளே வாதாடும் என்றார் வக்கீல். பிழைப்புக்காக நாமே நடத்தினால் விலக்கு உண்டு. ஆனால் நடத்துவதை இவர்களிடம் விட்டுவிட்ட பிறகு அதை நிரூபிப்பது கஷ்டம்.

கடன் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்கள் புதிதாக வாங்கும் தவணைக் கடன்களுக்கு வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த உண்மையான ஆண்டு விகிதத்தோடு முக்கிய விவரத் தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்குங்கள். வங்கியின் சட்டக் கருத்தை இடைத்தரகர் வாயிலிருந்து கேட்காதீர்கள், கிளைக்கு நீங்களே போய்க் கேளுங்கள்.

காட்டேஜுக்கு இப்போது வேறு பூட்டுப் போட்டிருக்கிறோம். தவணையை என் பென்ஷனிலிருந்து கட்டுகிறேன். அதே வேலிக்குள் வாங்கிய நான்கு குடும்பங்கள் எங்களோடு மனுவில் சேர்ந்திருக்கின்றன. மற்றவர்களும் இதைப் படித்தால், முதலில் உங்கள் ஈபி எண்ணைப் போட்டுக் கடந்த ஒரு வருட யூனிட்டைப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் கணக்கு எதையும் அழிக்காதீர்கள். அடுத்த விசாரணைக்கு முன் உங்கள் தாள்களும் எங்களுக்கு வேண்டும்.