ஐஆர்எஸ்ஸின் சிபி 2000 கடிதமும் தொலைபேசி உதவியும்: என் அனுபவம்

2024 மே மாதம் தபால் பெட்டியில் தடிமனான ஓர் உறை கிடந்தது. அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ் அனுப்பிய சிபி 2000, அதாவது நம் வரித்தாக்கல் மற்றவர்கள் கொடுத்த தகவலோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் கடிதம். வட்டியோடு 2,914 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும் என்றது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நடந்தது இதுதான். 2022இல் கம்பெனி சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கொடுத்த ஆர்எஸ்யு பங்குகளில் கொஞ்சம் விற்றேன், 11,240 டாலருக்கு. எனக்கு வரித்தாக்கல் செய்துகொடுத்தவர் பங்கு விற்பனையைக் காட்டும், தரகு நிறுவனத்தின் 1099-பி தாளைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தத் தாளின் நகல் ஐஆர்எஸ்ஸுக்கும் போகும். கணினி அதையும் என் தாக்கலையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டது. தாளில் அடக்கவிலை பூஜ்யம் என்று இருந்ததால், விற்ற தொகை முழுவதும் லாபக் கணக்கில் ஏறியது. பங்கு கைக்கு வந்த நாளின் மதிப்பு ஏற்கெனவே கம்பெனி தரும் சம்பளத் தாளான டபிள்யூ-2இல் சம்பளமாகச் சேர்ந்து வரியும் பிடித்தாயிற்று என்பதை அந்தத் தாள் சொல்லவில்லை.

பதற்றம் அடங்கியபின் நிதானமாகப் படித்தேன். நான் காட்டிய தொகை, மற்றவர்கள் காட்டிய தொகை, வித்தியாசம் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இது பில் அல்ல, உத்தேசக் கணக்குதான், ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். கடிதத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு பெண்மணி எடுத்தார். மறுப்புக் கட்டத்தில் டிக் செய்யுங்கள், பங்கு விற்பனைக் கணக்குக்கான 8949 படிவத்தில் உண்மையான அடக்கவிலையைப் போடுங்கள், அதைக் காட்டும் தரகு நிறுவனத்தின் துணை அறிக்கையையும் இணையுங்கள் என்றார். நான் எழுதிக்கொள்ளும் வரை பொறுமையாக இருந்து, ஒருமுறை திருப்பிச் சொல்லவும் சொன்னார். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றினேன். ஏழு வாரத்தில் திருத்திய கணக்கு வந்தது. உண்மையான லாபம் 310 டாலர். வரி எழுபத்துச் சொச்சம், வட்டி தனி. கட்டிவிட்டேன். அது நியாயமான பாக்கி.

இந்தச் சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. ஆனால் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2022 நிதியாண்டில் அந்தத் துறைக்கு வந்த அழைப்புகளில் நூற்றுக்குச் சுமார் 13தான் ஊழியர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த சட்டம் பத்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 8,000 கோடி டாலர் ஒதுக்கியது. அப்புறம் ஆள் எடுத்தார்கள், போனும் எடுக்கப்பட்டது. என் அழைப்பை எடுத்த அந்தக் குரலும் இந்த மாதிரிப் பணத்தில்தான் வருகிறது.

அந்த ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் வரி அமலாக்கத்துக்கு. நான் சிக்கியது ஒரு தாள் இருந்ததால். சம்பளம் மாதிரி முதலாளியே பிடித்தம் செய்து தகவலும் கொடுக்கும் வருமானத்தில் மறைபடுவது சுமார் 1 சதவீதம்தான். யாரும் தகவல் தராத வருமானத்தில் அது 55 சதவீதம் வரை போகிறது என்பது ஐஆர்எஸ்ஸின் சொந்த மதிப்பீடு. அங்கே ஒப்பிட்டுப் பார்க்கத் தாளே கிடையாது. பல கூட்டு நிறுவனங்களுக்குள் பின்னிக் கிடக்கும் கணக்கைப் பிரித்துப் பார்க்க அனுபவமுள்ள தணிக்கையாளர் உட்கார வேண்டும், வருடக் கணக்கில். 2022ஆம் வரி ஆண்டுக்கு மட்டும் உரிய நேரத்தில் கட்டப்படாத வரி 69,600 கோடி டாலர் என்று கணித்திருக்கிறார்கள்.

இதனால்தான் அந்தப் பணத்தை வெட்டுவதைச் சிக்கனம் என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒதுக்கியதில் 2,000 கோடியைத் திரும்ப எடுத்தால் வரி வருமானம் 4,400 கோடி குறையும், ஆக பற்றாக்குறை 2,400 கோடி கூடும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே 2024 பிப்ரவரியில் கணக்குப் போட்டுச் சொன்னது. அடுத்த மாதமே அந்த அளவுக்கு வெட்டினார்கள். 2025 நடுப்பகுதிக்குள் ஊழியர்களிலும் ஏறத்தாழ கால்வாசிப் பேர் குறைந்துவிட்டார்கள். கணினி ஒப்பீடு மலிவு. ஆள் குறைந்தாலும் என்னைப் போன்ற சம்பளக்காரருக்குக் கடிதம் வந்துகொண்டுதான் இருக்கும். பெரிய கணக்கைத் தோண்டுகிறவர்தான் இருக்கமாட்டார். வருமானத்தில் மேல்தட்டுப் பத்து சதவீதத்தினரைத் தணிக்கை செய்யச் செலவிடும் ஒரு டாலருக்கு 12 டாலருக்கு மேல் திரும்பி வருகிறது என்று 2023இல் ஒரு பொருளாதார ஆய்வு கண்டது. அதில் பெரும்பகுதி, ஒருமுறை தணிக்கைக்கு உட்பட்டவர் பிந்தைய ஆண்டுகளில் ஒழுங்காகக் கட்டுவதால் வருவது.

சரி, உங்களுக்கும் இந்தக் கடிதம் வந்தால்: அதில் போட்டிருக்கும் கெடு தேதியை முதலில் பாருங்கள், பொதுவாக 30 நாள். ஆர்எஸ்யு விற்றவர்கள் 1099-பியோடு நிற்காமல் துணை அறிக்கையையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போன் செய்வதாக இருந்தால் பக்கத்தில் பேனாவும் அந்த வருடத்து டபிள்யூ-2வும் இருக்கட்டும். அந்தப் பெண்மணி என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான்.