பரந்தனில் 10 ஆண்டுகள்: ஓர் அம்பிளிபயரும் இரண்டு சோடி ஸ்பீக்கர்களும்

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு அம்பிளிபயர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, அது எத்தனை வாற்று என்பதைத்தான். 2014 இல் நானும் அதையே கேட்டேன். தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத, இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் (பரந்தனும் அங்கேதான்) சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலி கேட்டு வளர்ந்த நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அந்த டைனமோ தரக்கூடியது 6 வோல்ற்றில் 3 வாற்று. ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்ந்தது அதிலும் சிறு பங்கே. ஆயினும் முற்றத்தில் சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் செய்தி தெளிவாகக் கேட்டது.

நான் வாங்கியது, 8 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அலகு) ஸ்பீக்கருக்கு இடம், வலம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் 50 வாற்று தரக்கூடிய, பாவித்த யப்பான் அம்பிளிபயர். அதனோடு சேர்த்து வாங்கிய முதற் சோடி ஸ்பீக்கர்கள் 4 ஓம். உணர்திறன் 86 டெசிபெல் (ஒலியளவின் அலகு) என்று பின்புறத்தில் எழுதப்பட்டிருந்தது. இந்த உணர்திறன் என்ற அளவைத்தான் வாங்குபவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் விடுகிறார்கள். ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ற்று கொடுத்து, 1 மீற்றர் தள்ளி நின்று அளக்கும்போது கிடைக்கும் ஒலியின் அளவு அது. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ற்று என்பது 1 வாற்று. 4 ஓம் ஸ்பீக்கரிலோ அதுவே 2 வாற்று. ஆகவே என் முதற் சோடி ஒரு வாற்றுக்குத் தந்தது உண்மையில் 83 டெசிபெல் மட்டுமே. பின்னர் நான் மாற்றிய இரண்டாவது சோடி 8 ஓம், 90 டெசிபெல். இடைவெளி 7 டெசிபெல். அதாவது, அதே சத்தத்தைப் பெறுவதற்கு முதற் சோடிக்கு ஐந்து மடங்கு வாற்று தேவைப்பட்டது. 50 வாற்று அம்பிளிபயரை 100 வாற்றாக மாற்றியிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கக் கூடியது வெறும் 3 டெசிபெல்தான்.

வெப்பம் அதைவிடப் பெரிய தொல்லையாக இருந்தது. அம்பிளிபயரின் முதுகில் 6 முதல் 16 ஓம் வரை என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தும் நான் 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்திருந்தேன். ஓம் குறையக் குறைய அம்பிளிபயரிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் கூடும். சித்திரை வெயிலில், சீமெந்துச் சுவர்கள் இரவிலும் சூட்டைக் கக்கும் 550 சதுர அடி வீட்டில், ஒரு மணித்தியாலம் பாடியதும் பாதுகாப்பு ரிலே (ஸ்பீக்கரைத் தானாகத் துண்டிக்கும் ஆளி) விழுந்து ஒலி நின்றுவிடும். பழுது என்று நினைத்து இரு தடவை திருத்தக் கொடுத்தேன்; இரு தடவையும் பிழையில்லை என்றே திரும்பி வந்தது. ஸ்பீக்கரை மாற்றிய நாளிலிருந்து இன்றுவரை ரிலே ஒருமுறையேனும் விழவில்லை. இரண்டு சோடி 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒன்றாகப் பாடவிடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: பெரும்பாலான அம்பிளிபயர்களில் அவை சமாந்தரமாக இணைவதால் அம்பிளிபயர் காண்பது 4 ஓமைத்தான்.

வயரைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்கிறார்கள். எனக்குக் கணக்கே போதுமானதாக இருந்தது. தொடக்கத்தில் 0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய இரட்டை வயரை 6 மீற்றர் தூரம் இழுத்திருந்தேன். போய் வரும் நீளம் 12 மீற்றர். தடை ஏறத்தாழ 0.4 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது பத்தில் ஒரு பங்கு. தவிலின் தொப்பி அடி குழைந்து கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன். கிளிநொச்சியில் மின்பொருட் கடையொன்றில் வாங்கிய 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் அந்தத் தடை ஏறத்தாழ 0.08 ஓமாகக் குறைந்தது. அதற்கு மேல் விலை கொடுத்து வாங்க வேண்டிய தேவை இந்த வீட்டில் ஏற்படவில்லை. செப்புப் பூசிய அலுமினிய வயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரியும்.

புதிய வயரைப் பூட்டிய அன்று கீழ்ச் சுருதி முழுவதும் காணாமற் போனது. பக்கத்தில் வானொலி திருத்தும் முதியவர் ஒருவர் வந்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “தம்பி, ஒரு பக்கத்து வயரை மாறிக் குடுத்திருக்கிறியள்” என்றார். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வரும்போது மற்றையது பின்னே போனால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அவர் காட்டித் தந்த வழியையே இன்றும் பாவிக்கிறேன்: வயரை அம்பிளிபயரிலிருந்து கழற்றி, அந்த முனைகளை 1.5 வோல்ற்று பற்றரியில் கண நேரம் தொட வேண்டும். நேர்முனை சிவப்புக்குப் போயிருந்தால் வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய கூம்பு) வெளியே தள்ளும்.

தொலைக்காட்சியை இணைத்தபோது தொடங்கிய இரைச்சலைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் சென்றது. அம்பிளிபயரையும் தொலைக்காட்சியையும் ஒரே செருகியிலிருந்து எடுத்துப் பார்த்தும் அது குறையவில்லை. ஒருநாள் கூரையிலிருந்து வரும் டிஷ் வயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றது. டிஷ்ஷின் கம்பம் ஒரு வழியாலும், வீட்டின் எர்த் இன்னொரு வழியாலும் நிலத்தைத் தொட்டதால் உருவான வளையமே அதற்குக் காரணம். இப்போது தொலைக்காட்சியின் ஒலியை ஒளிநார் வயரால் எடுத்து, சிறிய டிஜிட்டல் மாற்றி ஒன்றினூடாக அம்பிளிபயருக்குக் கொடுக்கிறேன். இரண்டுக்கும் இடையில் மின் தொடர்பே இல்லை. இரைச்சலை நிறுத்துவதற்காகச் செருகியின் எர்த் முனையை முறிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது. தயவுசெய்து ஒருபோதும் செய்ய வேண்டாம்.

இசைத்தட்டுக் கருவிக்குரிய ஃபோனோ துளையில் சீடி பிளேயரைச் செருகக் கூடாது. இசைத்தட்டு ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ற்று. சீடி தருவது 2 வோல்ற்று வரை. கசெற், சீடி, கைத்தொலைபேசி எதுவாயினும் மற்றத் துளைகளுக்கே உரியவை.

2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின் வெட்டப்பட்டபோது அம்பிளிபயரைச் சுவர் ஆளியில் அணைத்து வைக்கப் பழகினேன்; மின் திரும்பி வரும் கணமே ஆபத்தானது. அப்போது இரவல் வாங்கிய மலிவான இன்வேட்டரில் அம்பிளிபயரின் ட்ரான்ஸ்ஃபோமர் முனகியது. சுவர் மின்னைப் போன்ற தூய சைன் அலை தரும் இன்வேட்டரில் அந்த முனகல் இருக்கவில்லை. ஐப்பசி இடி தொடங்கினால் செருகியோடு டிஷ் வயரையும் கழற்றி வைக்கிறேன்.

பத்து ஆண்டில் அம்பிளிபயருக்குச் செய்த செலவு சிறியது. சத்தம் கூட்டும் குமிழ் கரகரத்தபோது தொடுமுனை துப்புரவாக்கும் திரவத்தை இரு தடவை விசிறினேன். ஆண்டுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து செம்புழுதியையும் எறும்புக் கூட்டையும் தூரிகையால் அகற்றுகிறேன். ஸ்பீக்கரில்தான் கவனம் வேண்டும். முதற் சோடியின் வூஃபரைச் சுற்றியிருந்த பஞ்சு விளிம்பு நான்காம் ஆண்டிலேயே நம் வெக்கையில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரண்டாவது சோடியின் விளிம்பு இறப்பர். விரலால் மெல்ல அழுத்தினால் இன்றும் மீள்கிறது. பாவித்த ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் முன்பக்கத் துணியைக் கழற்றி அந்த விளிம்பை அழுத்திப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.