சுய உதவிக் குழுவும் வறுமை ஒழிப்புச் சங்கமும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வறுமையைக் குறைக்க உருவான இரு அமைப்புகளை ஒப்பிட்டால், ஒன்று சேமிப்பிலிருந்தும் மற்றொன்று தேவையிலிருந்தும் தொடங்குவது தெரியும்.

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் வேரூன்றிய மகளிர் சுய உதவிக் குழுவில், 12 முதல் 20 பெண்கள் சேர்ந்து சிறுகச் சிறுகச் சேமித்து, தமக்குள் கடன் கொடுத்து வாங்கி, பிறகு வங்கிக் கடனையும் பெறுகிறார்கள். பாயில் வட்டமாக அமர்ந்து, தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொருவரும் கையெழுத்திடும் அந்த ஒழுங்குதான் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் பலரைக் காத்தது. ஆயினும் சந்தா கட்டவே வழியில்லாதவரைச் சேர்க்கக் குழுவினர் தயங்குவது இயல்பு. தனித்து வாழும் முதியவர், மாற்றுத்திறனாளி, ஊர் ஊராகப் பிழைக்கப் போகும் குடும்பம் ஆகியோர் இப்படித்தான் விடுபட்டார்கள்.

2005-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய புதுவாழ்வு என்ற வறுமை ஒழிப்புத் திட்டத்தின் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் இந்த இடைவெளியை நேராக எதிர்கொண்டது. ஊர் மக்களே தெருவில் கோலமாவால் வரைபடம் போட்டு, எந்த வீடு எந்நிலையில் உள்ளது என்று பேசி முடிவுசெய்ய, அந்தப் பட்டியல் கிராம சபையின் ஒப்புதலைப் பெற்றது. ஊரறியப் பேசுவதால் பொய்ப் பெயர் நுழைவது கடினம்.

சங்கத்தின் குறை, அது திட்ட நிதியைச் சார்ந்திருப்பது. குழுவுக்கோ சொந்தச் சேமிப்பு உண்டு. நிலைத்து நிற்க எனக்குக் குழுவே மேல். ஆனால் மிக ஏழையை முதலில் அடையாளம் காண, சங்கத்தின் முறைக்கு ஈடாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன்.